கரடித் தோலும் பெலாஜியாவின் திட்டும்

பெலாஜியாவுக்குக் கரடிகள்மேல் ஒருநாளும் கோபம் வந்ததில்லை. கரடியைச் சுட்டுப் போட்டுவிட்டு, "ஐயோ, யாராவது வாங்களேன்" என்று ரேடியோவில் அலறுகிறார்களே, அந்த மனிதர்கள்மேல்தான் அவளுக்கு அவ்வளவு கோபமும். கோடை வந்தால் அந்த அலறலும் வந்துவிடும். அவள் அடுப்பை அணைப்பாள், கத்திகளைத் துணியில் சுற்றுவாள், வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே படகுத்துறைக்கு இறங்குவாள். துறையில் நிற்பவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். யாருக்கோ போகிற திட்டு வழியில் தங்கள்மேல் சிந்திவிடுமோ என்ற பயம்.

எங்கள் கோடியாக் தீவில் சட்டம் இதுதான். கூடாரம் போட்டுத் தங்கிய இடத்தில் கரடி பாய்ந்து வந்து, வேறு வழியில்லாமல் சுட்டால் குற்றமில்லை. ஆனால் செத்த கரடி சுட்டவனுக்குச் சொந்தமுமில்லை. நகங்களோடு தோலை உரித்து, மண்டையோட்டையும் எடுத்து, வனவிலங்கு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். சுடுவதற்கு ஒரு விரல் போதும். உரிப்பதற்கு ஒரு பகல் முழுக்க வேண்டும், அதுவும் தெரிந்தவர் வேண்டும். சுட்டவனுக்கு அநேகமாகத் தெரிந்திருக்காது. அதனால் எல்லோரும் பெலாஜியாவைக் கூப்பிட்டார்கள்.

இந்த வேலைக்கு அவள் கூலி வாங்குவதில்லை. உரிக்கத் தொடங்கியதிலிருந்து முடிக்கும்வரை சுட்டவன் பக்கத்தில் உட்கார்ந்து கரடியின் காலைப் பிடித்துக்கொண்டு அவளிடம் திட்டு வாங்க வேண்டும். அதுதான் கூலி. நடுவில் எழுந்து போனால் அவளும் கத்தியைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். ஒரு வக்கீல் அப்படித்தான் மூத்திரம் போகிறேன் என்று எழுந்து போனார். திரும்பி வந்தபோது பாதி உரித்த கரடியும் அவரும்தான் அந்தக் கடற்கரையில் மிச்சம்.

"கூடாரத்துக்குள்ள மீனு வெச்சுக்கிட்டுத் தூங்குனியா? கட்டிப் புடிச்சுக்கிட்டா தூங்குன? காலத் தூக்கிப் புடி. மரத்துல தொங்க விடணும்னு உனக்கு யாரும் சொல்லலையா? சொன்னாங்களா? சொல்லியும் கேக்கலையா? இன்னும் கொஞ்சம் தூக்கிப் புடிடா, கை என்ன வெண்ணெயா?"

இப்படிப் பகல் முழுக்கப் போகும். சில பேர் அழுதிருக்கிறார்கள். அழுதவர்களில் பாதிப்பேர் அடுத்த வருடம் அவளுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பியதும் உண்டு. அவள் அதையும் திட்டிக்கொண்டேதான் அலமாரியில் வைப்பாள்.

முகாமுக்கு எந்தத் துப்பாக்கி நல்லது என்று கேட்டால் அவள் சொல்லும் பதில் ஊருக்கே மனப்பாடம். முதலில் மிளகாய் ஸ்பிரே. அது இடுப்பில் இருக்க வேண்டும், பையின் அடியில் இல்லை. பிறகுதான் துப்பாக்கி. குட்டைக் குழல் ஷாட்கன், பெரிய ஒற்றைக் குண்டுத் தோட்டா. குறிபார்க்கத் தொலைநோக்கி எதுவும் கூடாது. தூக்கப் பையிலிருந்து எழாமலே கைக்கு எட்ட வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு இயக்கத் தெரிய வேண்டும். பழகாத பெரிய துப்பாக்கியைவிடப் பழகின சின்ன ஸ்பிரே மேல். இதற்குமேல் கேட்டால் கோபம் வரும்.

கேட்காமல் வாங்கி வருகிறவர்கள் கதை தனி. ஒரு பல் மருத்துவர் ஆனையைச் சாய்க்கிற மாதிரி ஒரு ரிவால்வரை வாங்கி வந்தார். அதுவரை ஒருதடவையும் சுட்டுப் பார்த்ததில்லை. கரடி தள்ளி நின்று மோப்பம் பிடித்திருக்கிறது. இவர் சுட்டிருக்கிறார். துப்பாக்கி எம்பி அவர் மூக்கிலேயே அடித்துவிட்டது, குண்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. கரடி சத்தத்தில் ஓடிவிட்டது. சுட்டுவிட்டேன் என்று அவர் ரேடியோவில் அலறியதைக் கேட்டு உரிக்கப் போன பெலாஜியா, அவர் மூக்குக்குத் துணி வைத்துக் கட்டிவிட்டு, படகில் வருகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தாள். "கரடிகிட்ட இருந்து மூக்கக் காப்பாத்த வந்தியா? இல்ல மூக்குகிட்ட இருந்து கரடியக் காப்பாத்த வந்தியா?" என்று அவள் கேட்டது இன்றைக்கும் துறையில் பேச்சு.

அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த வளைகுடாவில்தான். அப்பா வேட்டைக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்குச் சுமை தூக்கினார், அவர்கள் சுட்டதை உரித்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டாள். பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கல்யாணமும் செய்து பார்த்தாள். புருஷன் ஆர்னே மீன்பிடிக்காரன், மீன் குடலைச் சமையலறை ஜன்னலுக்குக் கீழேயே கொட்டுவான். வாசனைக்குக் கரடி வந்தது. அவன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். "குடல அள்ளிப் போட சோம்பேறித்தனம், துப்பாக்கி தூக்க மட்டும் சுறுசுறுப்பா?" என்று அவனுடைய ரப்பர் பூட்ஸை ஒவ்வொன்றாகக் கடலில் எறிந்தாள். அவன் காலுறையோடு போனவன்தான், திரும்பி வரவில்லை. அவளும் தேடவில்லை.

அவளுக்கென்று இருந்தது தம்பி சிமியோன் ஒருவன். அம்மா போனபோது அவன் சின்னப் பையன், இவள்தான் சோறு போட்டு வளர்த்தாள். ஊரையெல்லாம் திட்டுகிற வாய் அவனை மட்டும் கொஞ்சம் மெதுவாகத் திட்டும்.

அந்தச் சிமியோனுக்கு ஒரு கரடியோடு பகை. போன கோடையில், ஆறு கடலில் சேரும் ஆற்று முகத்தில் அவன் கூடாரம் போட்டிருந்தபோது, ஒரு பெட்டைக் கரடி அவனுடைய புது ரப்பர் படகைக் கடித்துக் கிழித்துவிட்டது. பெட்ரோல் வாசனை கரடிகளுக்குப் பிடிக்கும், அது தெரிந்தும் டப்பாவைப் படகிலேயே விட்டுவைத்தவன் அவன்தான். ஆனால் சனிக்கிழமை நீராவிக் குடிலில் வியர்த்துக்கொண்டு உட்காரும் ஆண்களுக்கு நியாயமா முக்கியம்? குளிர்காலம் முழுக்க அவனை விடவில்லை.

"சிமியோனு, இந்த வருஷம் கரடிக்கு மோட்டாரும் வாங்கித் தர்றியா?"

"லைஃப் ஜாக்கெட் வாங்கிக் குடுத்துட்டியாடா? பாவம், பொம்பளப் புள்ள தனியா கடல்ல போவுதே."

எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். சிரித்துவிட்டு வெளியே வந்து குடிலின் கதவை உதைப்பான்.

பனி உருகத் தொடங்கியதும் அவன் அக்காவிடம் வந்தான். மேசையில் அவள் சுட்டு வைத்திருந்த சால்மன் அடையில் பாதியைத் தின்றுவிட்டு, "அக்கா, முகாமுக்கு ஒரு துப்பாக்கி வாங்கணும். பாதுகாப்புக்குத்தான். எது நல்லது?" என்றான்.

ஊருக்கே மனப்பாடமான பதிலை அவள் அவனுக்கு மறுபடி பொறுமையாகச் சொன்னாள். தன்னுடைய குட்டை ஷாட்கனையே எடுத்துக்கொண்டு போ என்றாள். தலையை ஆட்டிவிட்டுப் போனான். போய் ஆர்வில் கடையில் வாங்கியது நீளக் குழல் ரைஃபிள், அதன் தலைமேல் தடியாக ஒரு தொலைநோக்கி.

கடைக்கார ஆர்வில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். பெலாஜியா மாவு வாங்கப் போனபோது சொன்னான்: "உன் தம்பி நல்ல துப்பாக்கியாத்தான் எடுத்தான். பக்கத்து மலையில நிக்கிற கரடிகிட்ட இருந்துகூட இதை வெச்சுத் தப்பிச்சுக்கலாம்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மாவை அங்கேயே வைத்துவிட்டு நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள்.

"இது எதுக்குடா?"

"பாதுகாப்புக்கு."

"பத்தடியில பாஞ்சு வர்ற கரடிய இதுல பாத்தா என்ன தெரியும்? மயிரு தெரியும். வெறும் மயிரு. இது தள்ளிப் போறதச் சுடுற துப்பாக்கி. திருப்பிக் குடுத்துட்டு வா."

"சரிக்கா, குடுத்துடறேன்."

அவன் கொடுக்கவில்லை. ஆகஸ்டில், பழங்கள் பழுத்துச் சரிவெல்லாம் சிவந்திருந்த ஒரு காலையில், ரேடியோவில் அவன் குரல் வந்தது. "அக்கா, ஒரு கரடி என்மேல பாஞ்சிடுச்சு. சுட்டுட்டேன். நீ வா."

அவள் அடுப்பை அணைத்தாள், கத்திகளைச் சுற்றினாள். துறைக்கு இறங்கும்போது வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஒதுங்கி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆற்று முகத்தில் படகை ஏற்றிவிட்டு அவள் சுற்றிலும் பார்த்தாள். சிமியோன் எப்போதும் கூடாரம் போடும் இடம் கரையோரச் சமதரை. அங்கே புல் கூடார அளவுக்குச் சதுரமாய் நசுங்கி மஞ்சளாகக் கிடந்தது, கூடாரம் இல்லை. ஓடையைத் தாண்டி, மேலே, கல்லும் முள்ளுமான பழச் சரிவில் அது நின்றுகொண்டிருந்தது. புத்தியுள்ளவன் யாரும் அங்கே படுக்க மாட்டான். உருண்டு விழுவான். கூடாரத்துக்கு அடியில் புல் பச்சையாக, நசுங்காமல் நின்றது. அதற்குப் பத்தடி தள்ளிக் கரடி கிடந்தது.

செத்த கரடியை நகர்த்த ஒருவனால் ஆகாது. அதனால் கூடாரத்தை நகர்த்தியிருக்கிறான்.

பெலாஜியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவனுக்கா நான் சோறு போட்டேன் என்று இருந்தது. கத்தியைச் சுற்றியிருந்த துணியை வெடுக்கென்று அவிழ்த்தாள்.

"விடியக்காலையில வந்துச்சுக்கா," என்றான் சிமியோன். நன்றாகப் பாடம் செய்து வைத்திருந்தான். "கூடாரத்த விட்டு வெளிய வந்தேன், நேரா பாஞ்சுடுச்சு. ஒரே குண்டு. இல்லன்னா நான் இன்னிக்கு இல்ல."

அவள் கரடியின் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"திட்டறதுன்னா ஆரம்பிக்கா. நான் எங்கயும் போகல. இதோ உக்காந்துட்டேன்."

"காலப் பிடி," என்றாள். அவ்வளவுதான்.

கரடியைப் புரட்டியபோது மடியில் பால் கட்டியிருப்பது தெரிந்தது. கத்தி பட்ட இடத்தில் பால் வெள்ளையாக வழிந்து அவள் விரல்களில் ஒட்டியது. சிமியோன் அதைப் பார்த்தான், சட்டென்று சொன்னான். "பாத்தியா? குட்டி போட்ட தாய். அதான் அவ்ளோ ஆவேசமா பாஞ்சுது."

பொய்க்கு வலுச் சேர்க்கப் பால்கூட அவனுக்கு உதவியது. ஆபீஸில் யாரும் நம்புவார்கள். குட்டியோடு இருக்கும் தாய் பாயும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பெலாஜியா பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தாள். மார்பில், கழுத்தில், தோளில் ஒரு கீறல்கூட இல்லை. பின்பக்கம் வந்தபோது, இடது தொடைக்கு மேலே, ரோமத்தை விலக்கிப் பார்த்தாள். சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு வட்டமாக ஒரு துளை. குண்டு பின்னாலிருந்து உள்ளே போயிருந்தது. நெஞ்சுவரை போய்த் தங்கியிருந்தது. கரடி முதுகைக் காட்டிக்கொண்டு பழம் தின்றபடி மேலே ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

சிமியோன் காலை விட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அக்கா. கத்திய அந்தப் பக்கமா கொஞ்சம் இழுத்துடேன். தவறிப்போன மாதிரி. யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்," என்றாள். "என் கத்தி இன்னிவரைக்கும் தவறினதில்ல. உன் கரடியில மட்டும் தவறுச்சுன்னா, அதுவும் சரியா அந்த எடத்துல, ஆபீஸுல தோல வாங்குற வெஸ்லி என்ன மாங்கா மடையனா? கையை எடு."

"லைசன்ஸ் போயிடும்க்கா. குளிருக்கு மான் அடிக்க முடியாது. ரைஃபிள் போயிடும். கோர்ட்டு, கேஸுன்னு இழுத்தடிப்பாங்க. ஊரு சிரிக்கும்."

"ஊரு சிரிக்கும்னுதானே சுட்ட?"

அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. அப்போதுதான் மேலே ஆல்டர் புதரிலிருந்து ஒரு குரல் வந்தது. கன்று கத்துவதுபோல, விட்டு விட்டு. பெலாஜியா கத்தியைக் கீழே வைத்தாள். ரேடியோவில் வெஸ்லியைக் கூப்பிட்டு, தாய் செத்துவிட்டது, குட்டி இருக்கிறது, ஆள் அனுப்பு என்றாள். பிறகு உரித்தெடுத்திருந்த தோலைத் தார்ப்பாய்மேல் மடித்துப் போட்டுவிட்டுப் புதரை நோக்கி ஏறினாள். இரண்டு குட்டிகள். கிட்டப் போனதும் ஒன்று உள்ளுக்குள் ஓடி மறைந்துவிட்டது. இன்னொன்று ஒரு மரத்தில் பாதி ஏறி, அவளைப் பார்த்துக் கத்தியது. பிடிக்க அவளால் முடியவில்லை. பிடித்தாலும் என்ன செய்வாள்? இறங்கி வந்தாள்.

வந்து பார்த்தால் தோல் வேறு மாதிரி மடிந்திருந்தது. பிரித்தாள். இடது தொடைமேல் ஒரு முழ நீளத்துக்குக் கோணல்மாணலாக ஒரு கிழிசல். துளையின் நடுவே கத்தியைப் போட்டு இரண்டாகப் பிளந்திருந்தான். அவளுடைய கத்தியால், அவள் வேலையின்மேல்.

சிமியோன் தள்ளி நின்று சிகரெட் பற்றவைக்க முயன்றுகொண்டிருந்தான். "என்னை அடிச்சுக்கோ," என்றான்.

அவள் அடிக்கவுமில்லை. தோலைச் சுருட்டி, மண்டையோட்டையும் சேர்த்து அவன் முதுகில் ஏற்றினாள். ஈரத் தோல், கரடியில் கால்வாசிக் கனம். படகுவரை இரண்டுமுறை முழங்கால் மடிந்து விழுந்தான். அவள் கை கொடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம், சமையலறை மேசையில் எண்ணெய்த் துணியை விரித்து, தோலின் உள்பக்கம் மேலே தெரியப் போட்டாள். முக்கோண முனை ஊசியில் மெழுகு நூலைக் கோத்தாள். சிமியோன் எதிரே உட்கார்ந்திருந்தான். முன்னால் இருந்த தேநீர் ஆறிப்போய்க் கிடந்தது.

"என்னக்கா பண்ற?"

"கிழிஞ்ச தோல நான் குடுத்ததில்ல."

கிழிசலின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து, நெருக்கமாக, இழுத்து இழுத்துத் தைத்தாள். ஒரு முனையிலிருந்து நடுவரை வந்தாள். பிறகு மறுமுனையிலிருந்து தொடங்கினாள். தையல் இறுக இறுகக் கிழிசல் மூடிக்கொண்டே வந்தது. நடுவில் வந்ததும், அவன் பிளந்திருந்த இரண்டு அரைவட்டங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. அவற்றின் இந்தப் பக்கம் ஒரு முடிச்சு, அந்தப் பக்கம் ஒரு முடிச்சு. துளை மறுபடி வட்டமாகத் திறந்துகொண்டது.

"அக்கா, வேணாம்," என்றான் சிமியோன். "நான் உன் தம்பி."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருந்த வனவிலங்கு அலுவலகத்தில், வெஸ்லி மண்டையோட்டை ஓரமாக வைத்துவிட்டுத் தோலை நீள மேசைமேல் விரித்தான். பெலாஜியாவின் தோல்களை வருடக்கணக்காக வாங்குபவன். சிமியோன் எழுதிக் கொடுத்ததை ஒருமுறை படித்தான்: பத்தடியில் நேராகப் பாய்ந்தது, நெஞ்சைப் பார்த்து ஒரே குண்டு. பிறகு நெஞ்சைத் தடவிப் பார்த்தான். கழுத்தை, தோள்களைத் தடவினான். கை பின்பக்கம் போய்த் தையலைக் கண்டுபிடித்தது. தையலோடு மெதுவாக நகர்ந்து துளையில் நின்றது. சுண்டுவிரலை உள்ளே விட்டான். விரல் நுனி மறுபக்கம் ரோமத்தில் எட்டிப் பார்த்தது.

"பெலாஜியாம்மா, இந்தக் கிழிசல் உங்க கையா?"

"தையல் என் கை."

வெஸ்லி அவளை மேலே கேட்கவில்லை. விரலை எடுக்காமலே சிமியோனைத் திரும்பிப் பார்த்தான்.

"எந்தப் பக்கமாப்பா பாஞ்சு வந்துச்சு?"

சிமியோன் அக்காவைப் பார்த்தான். அவள் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணை எடுக்கவில்லை. அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பாயல. அது பாட்டுக்குப் போய்க்கிட்டிருந்துச்சு."

ரைஃபிளை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். லைசன்ஸையும். கோர்ட்டுக்கு வரவேண்டிய நாளை அப்புறம் சொல்வதாகச் சொன்னார்கள். மரத்திலிருந்த குட்டியை ஆட்கள் பிடித்துவிட்டார்கள், விலங்குக் காப்பகம் ஒன்று எடுத்துக்கொள்ளும் என்று வெஸ்லி சொன்னான். இன்னொன்று அகப்படவில்லை. தாயில்லாமல் அது குளிரைத் தாண்டாது என்பதை அவன் சொல்லவில்லை. அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது தெரியும்.

வெளியே வந்து இருவரும் படகுத்துறைக்கு நடந்தார்கள். துறையில் நின்றவர்கள் சிமியோனின் வெறும் கையைப் பார்த்தார்கள், அவள் முகத்தைப் பார்த்தார்கள். அங்கேயும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் படகின் கயிற்றை அவிழ்த்தாள். மோட்டார் கிளம்பியது. பாதித் தூரம்வரை சிமியோன் தாக்குப்பிடித்தான்.

"திட்டுக்கா," என்றான். "நேத்துலேருந்து ஒரு வார்த்தை திட்டல நீ. ஊரு பேரு தெரியாதவன எல்லாம் பகல் பூரா உக்கார வெச்சுத் திட்டற. என்னையும் திட்டு. வாய்க்கு வந்தபடி திட்டு. நான் கேட்டுக்கறேன்."

அவள் மோட்டாரின் வேகத்தைக் குறைத்தாள். அவனுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக.

"என் திட்டு பயந்து சுட்டவனுக்குடா," என்றாள். "நீ பயப்படல."

பிறகு மோட்டாரை முடுக்கிவிட்டாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு படகின் முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவள் ஆற்று முகத்தைக் கடந்து, வீட்டைப் பார்த்துப் படகைத் திருப்பினாள்.